படங்கள் உள்ள வேதாகமமும் ஒரு சபை நூலகமும்: வாசகர் கருத்து வேறுபாடு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழகத்தின் ஒரு நகரத்தில், சீர்திருத்தத் திருச்சபை மரபைச் சேர்ந்த ஒரு சேகரம் (ஆயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம்) ஆலய வளாகத்துக்குள்ளேயே சிறிய நூலகம் ஒன்றை நடத்திவருகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களும், மாலையில் பிள்ளைகளை டியூஷனுக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் தாய்மாரும், அடுத்த தெருவிலுள்ள கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த சிலரும் அங்கே வந்து வாசிப்பது வழக்கம். நூலகக் குழுவில் ஒருவனாக இருந்து, அங்கே ஒரு நூலைச் சுற்றி எழுந்த கருத்து வேறுபாட்டையும் அது கையாளப்பட்ட விதத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வெளிநாட்டில் குடியேறிய ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டிலிருந்த புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்தபோது, அவற்றில் கனமான ஒரு பட வேதாகமமும் இருந்தது. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்து, 1866-இல் பிரான்சின் தூர் நகரில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த வேதாகமப் படங்களின் மறுஅச்சு அது. டோரே மரக்கட்டைகளின் மேல் வரைய, தேர்ந்த செதுக்குக் கலைஞர்கள் அவற்றைச் செதுக்கினார்கள். இவ்வாறு உருவான 200-க்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒன்றரை நூற்றாண்டாக மறுபடி மறுபடி அச்சாகிவந்துள்ளன. வேதாகமக் காட்சிகள் என்றவுடன் பலருடைய மனக்கண்ணில் எழும் இடிமேகமும் செங்குத்தான பாறையும் வானத்தைப் பிளந்துவரும் ஒளிக்கீற்றும் அந்தப் படங்களிலிருந்து பரவியவையாகவே பெரும்பாலும் இருக்கும்.

எங்களுக்குக் கிடைத்த பிரதியில் படங்களுக்குக் கீழே ஆங்கில வசனங்கள் மட்டுமே இருந்தன. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், பழைய திருப்புதல் எனப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து உரிய வசனங்களை மெல்லிய தாள் துண்டுகளில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு படத்துக்கும் எதிரே பசையில்லாமல் செருகிவைத்தார். வெறும் வசன எண்ணைக் குறிக்காமல் முழு வசனத்தையும் அவர் எழுதினார். தாள் போதாத இடத்தில் மறுபக்கத்திலும் தொடர்ந்தார். படத்தைப் பார்க்கிறவர் அந்தத் துண்டை எடுத்து வாசிக்கலாம், வாசிக்காமலும் விடலாம். பின்னர் நடந்தவற்றில் இந்தத் தாள் துண்டுகளுக்குப் பெரிய பங்கு இருந்தது.

நூல் வாசிப்பறையின் நடுவில், சாய்வான மரத்தாங்கியில் திறந்தபடி வைக்கப்பட்டது. வயது வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை. வாசகர்கள் கருத்து எழுதும் நோட்டு ஒன்று அதன் அருகில் இருந்தது.

கவனித்தவை

முதல் சில வாரங்களில் நோட்டில் வந்தவை பெரும்பாலும் வியப்புச் சொற்கள். பிறகு மெல்லமெல்ல மாறுபட்ட குரல்கள் எழுந்தன. அவை ஒரே கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு பதில்களாக இருந்திருந்தால் கையாள்வது எளிதாக இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொருவரும் வேறொரு கேள்வியோடு வந்தார்கள்.

சேகரக் கமிட்டியின் மூத்த உறுப்பினர் ஒருவர், இந்த நூல் நூலகத்திலேயே இருக்கலாகாது என்றார். யாதொரு சொரூபத்தையும் உண்டாக்க வேண்டாம் என்ற யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் கட்டளையை மட்டும் அவர் சுட்டிக்காட்டவில்லை. உபாகமம் 4-ஆம் அதிகாரத்தையும் திறந்து வாசித்தார். ஓரேபிலே கர்த்தர் அக்கினியின் நடுவிலிருந்து பேசிய நாளில் ஜனங்கள் சத்தத்தைக் கேட்டார்களேயன்றி ஒரு ரூபத்தையும் காணவில்லை என்பது அந்தப் பகுதி. கேட்டு விசுவாசிக்கும்படி கொடுக்கப்பட்டதைக் காட்சியாக்கினால் காட்சியே நிலைத்துவிடும், வார்த்தை பின்னுக்குப் போய்விடும் என்பது அவர் வாதம். அதை வெறும் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்கச் சிலர் முற்பட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் எழுப்பியது திருச்சபையின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று.

இரண்டாவது முறையீடு ஒரு தாயிடமிருந்து வந்தது. அவருடைய ஏழு வயது மகள் ஜலப்பிரளயப் படத்தைப் பார்த்திருக்கிறாள். கொந்தளிக்கும் தண்ணீரின் நடுவே ஒரு பாறை; அதன் உச்சியில் குட்டியைக் கவ்விய தாய்ப்புலி; அதே பாறையின் மேல் தங்கள் பிள்ளைகளைத் தள்ளி ஏற்றிவிட்டு, தாங்கள் தண்ணீருக்குள் நழுவிக்கொண்டிருக்கும் பெற்றோர். பல இரவுகள் அந்தக் குழந்தை தூங்கவில்லை. "ஞாயிறு பள்ளியில பேழையும் வானவில்லும்தான டீச்சர் சொல்லித் தந்தாங்க, இது வேற மாதிரி இருக்கேம்மா என்று கேட்கிறாள், நான் என்ன சொல்ல?" என்று அந்தத் தாய் நோட்டில் எழுதியிருந்தார்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வேறு கோணத்திலிருந்து எழுதினார். இந்த நூல் முழுவதும் இயேசுவும் சீஷரும் வெளிறிய நிறத்தவர்களாகவே இருக்கிறார்கள். இதைப் பார்த்து வளர்கிற பிள்ளை, பரிசுத்தம் என்றால் அந்த நிறம் என்று எண்ணிக்கொள்ளாதா என்பது அவர் கேள்வி. அதற்குக் கீழே இன்னொருவர், "படம் கறுப்பு வெள்ளையில்தானே இருக்கிறது" என்று எழுதியிருந்தார். முகத்தின் அமைப்பும் தலைமுடியும் ஆடையும் சுற்றிலும் நிற்கிற மக்களும் நிறத்தைச் சொல்லாமலே சொல்லிவிடுவதை அவர் கவனிக்கவில்லை என்று அந்த மாணவி மறுபடி பதில் எழுதினார். எனக்கு அந்த மாணவியின் கருத்தே சரியாகப் பட்டது.

யூதித்து, தோபித்து, மக்கபேயர் ஆகிய நூல்களின் காட்சிகள் சிலருக்கு இடறலாயின. "நம்முடைய வேதத்தில் இல்லாத கதைகள் எப்படி இதில் வந்தன?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். டோரேயின் படங்கள் முதலில் ஒரு கத்தோலிக்க மொழிபெயர்ப்புக்காக வரையப்பட்டவை என்பதும், கத்தோலிக்க மரபில் அந்நூல்கள் வேதத்தின் பகுதி என்பதும் விளக்கப்பட்டன. அடுத்த தெருவிலிருந்து வரும் கத்தோலிக்க வாசகர் ஒருவர், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து அந்நூல்கள் அதில் இருப்பதைக் காட்டியதும் இந்தக் கேள்வி பெரும்பாலும் அடங்கிவிட்டது.

நிலைமையை முடிவெடுக்க வேண்டிய கட்டத்துக்குத் தள்ளியவை இரண்டு நிகழ்ச்சிகள். நியாயாதிபதிகள் 19-ஆம் அதிகாரத்தில் வன்முறைக்கு ஆளாகி மாண்ட, லேவியனின் மறுமனையாட்டியைக் குறித்த படத்தின் மேல் யாரோ ஒரு வெள்ளைத்தாளைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். அதை எடுக்க முயன்றபோது படத்தின் ஓரம் உரிந்தது. அதையடுத்த வாரம், சிலுவைக் காட்சிப் பக்கத்தில் இரண்டு மூன்று மல்லிகைப் பூக்கள் அழுந்திக் கிடந்தன. தாளில் பழுப்புக் கறை இறங்கியிருந்தது. மூத்த உறுப்பினர் அந்தப் பக்கத்தைக் கமிட்டிக்கு எடுத்துவந்து, "நான் சொன்னது இதைத்தான். இன்றைக்குப் பூ; நாளைக்கு விளக்கு" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

பூவை வைத்தவர் யார் என்பதைக் குழு வெளிப்படையாக விசாரிக்கவில்லை. சில நாள் கழித்து, பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஒரு விதவை தாமே ஆயரம்மாவிடம் சொன்னார். அவருடைய கணவர் ஒரு பெரிய வெள்ளியன்று இறந்தவர். அந்தப் படத்தைப் பார்த்தபோது அந்த நாள் நினைவுக்கு வந்ததாகவும், தலையிலிருந்த பூவை எடுத்து வைத்ததாகவும், வணங்க வேண்டும் என்ற எண்ணமே தமக்கு எழவில்லை என்றும் அவர் கூறினார். இந்தத் தகவல் அவருடைய பெயரில்லாமல், அவருடைய ஒப்புதலோடு, குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டது.

முன்னிருந்த வழிகள்

குழுவின் முன் இயல்பாக மூன்று யோசனைகள் வந்தன: நூலைத் திருப்பிக் கொடுத்துவிடுவது, கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்துக் கேட்பவர்களுக்கு மட்டும் தருவது, எதையும் மாற்றாமல் விடுவது. வாக்கெடுப்பு நடத்தலாம் என்றும் ஒருவர் சொன்னார். வாக்கெடுப்பு வேண்டாம் என்று நான் வாதிட்டேன். எண்ணிக்கையில் தோற்றவருடைய கேள்வி அதோடு மறைந்துவிடுவதில்லை. பேசுவதற்கு இடமில்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட தகராறு எங்கள் சேகரத்துக்குப் புதியது, திருச்சபைக்குப் புதியதல்ல. 600-ஆம் ஆண்டையொட்டி மார்செய் நகரப் பேராயர் செரேனுஸ் தம் ஆலயங்களிலிருந்த படங்களை உடைத்தபோது, ரோமப் பேராயர் முதலாம் கிரகோரி அவருக்குக் கடிதம் எழுதினார். படங்களை வணங்கவிடாமல் தடுத்தது சரி, உடைத்தது தவறு, எழுத்தறியாதவர் படங்களைப் பார்த்து அறிந்துகொள்கிறார்கள் என்பது அவர் நிலை. சீர்திருத்தக் காலத்திலும் இது ஓயவில்லை. 1522-இல் விட்டன்பர்க்கில் சிலர் ஆலயப் படங்களை அகற்றத் துடித்தபோது மார்ட்டின் லூத்தர் திரும்பிவந்து, பலவந்தமாக அகற்றுவதற்கு எதிராகப் பிரசங்கித்தார். சூரிக் நகரிலோ சுவிங்லியின் சீர்திருத்தத்தின்போது படங்கள் அகற்றப்பட்டன. சீர்திருத்த மரபு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள்ளேயே இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன.

அதே 1522-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், வெளிப்படுத்தின விசேஷத்துக்கு லூக்காஸ் கிரானாக்கின் பட்டறையிலிருந்து மரச்செதுக்குப் படங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. பாபிலோன் ஸ்திரீயின் தலையில் பாப்பரசரின் மூன்றடுக்கு முடி வரையப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தது, அதே ஆண்டு டிசம்பர்ப் பதிப்பில் அந்த முடி சாதாரண முடியாகச் செதுக்கிக் குறைக்கப்பட்டது. அந்த முடியைக் கூட்டியதும் குறைத்ததும் படம்தான், வசனமல்ல. குழுக் கூட்டத்தில் இதை நான் எடுத்துச் சொன்னபோது பேச்சின் போக்கு திரும்பியது. வசனத்தில் இல்லாத ஒன்றை ஓவியர் தீர்மானித்துச் சேர்க்கிற இடத்தில்தான் சண்டை எழுகிறது என்றால், எங்கள் நூலிலும் அந்த இடங்கள் எவை என்று முதலில் பார்க்கலாமே என்று தமிழாசிரியை சொன்னார்.

அதன்படி, நூலை வைப்பதா எடுப்பதா என்ற முடிவைத் தள்ளிவைத்து, வாரத்துக்கு ஒரு மாலையாக வாசிப்புக் கூட்டங்கள் நடத்துவதென்று தீர்மானிக்கப்பட்டது. நெறிமுறை எளியது. நூல் மூடியிருக்கும்போதே உரிய பகுதி சத்தமாக வாசிக்கப்படும். பிறகே படம் திறக்கப்படும். வசனத்தில் இல்லாத எது படத்தில் இருக்கிறது, வசனத்தில் இருந்த எது படத்தில் இல்லை என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லலாம். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்ற பேச்சு கடைசியில்தான். குழந்தைகளை அழைக்கவில்லை. மூத்த உறுப்பினரை ஆயர் ஐயா நேரில் சென்று அழைத்தார். வருவதாகவும், படத்தைப் பார்க்காமல் வசனத்தை மட்டும் கேட்பதாகவும் அவர் சொன்னார். அந்த நிபந்தனை ஏற்கப்பட்டது.

வாசிப்பு மாலைகள்

முதலில் ஜலப்பிரளயம். ஆதியாகமம் 7-ஆம் அதிகாரம், ஜலம் பெருகியதையும் பூமியின்மேல் இருந்த உயிருள்ளவை அனைத்தும் மாண்டுபோனதையும் சில வசனங்களில் சொல்லி முடிக்கிறது. யார் எப்படிச் செத்தார்கள் என்று அது விவரிப்பதில்லை. பேழைக்குள் இருப்பவர்களோடு நம்மை நிறுத்தியே கதை நகர்கிறது. படத்தின் நடுவிலோ பேழை இல்லை, பாறைதான் இருக்கிறது. வெளியே விடப்பட்டவர்களின் பக்கத்தில் ஓவியர் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். புலியும் மனிதரும் ஒரே காரியத்தையே செய்துகொண்டிருக்கிறார்கள், பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். "வசனம் சொல்லாததை இவர் சேர்த்திருக்கிறார், ஆனால் வசனம் மறுக்காததைத்தான் சேர்த்திருக்கிறார்" என்று ஒருவர் சொன்னார். முறையிட்ட தாயும் அன்று வந்திருந்தார். பெரியவர்களுக்கு இந்தப் படம் வேண்டும் என்று தமக்கும் தோன்றுவதாகவும், ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை அந்த மாலையில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்து, ஆபிரகாமின் வீட்டிலிருந்து மகன் இஸ்மவேலோடு வெளியே அனுப்பப்பட்ட அடிமைப்பெண் ஆகார். இந்த மாலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்கள் முடிவு இங்கேதான் உருவானது.

ஆதியாகமம் 21-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. துருத்தியில் தண்ணீர் தீர்ந்தபின் ஆகார் பிள்ளையை ஒரு செடியின்கீழ் விட்டு, அவன் சாகிறதைப் பார்க்க மனமில்லாமல் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள். பிறகு படம் திறக்கப்பட்டது. பாலைநிலத்துப் பாறைகளின் நடுவே அந்தத் தாய் தவிக்கிறாள்; அருகிலேயே சிறு பையன் சுருண்டு கிடக்கிறான். பார்த்தவுடன் நெஞ்சைப் பிசைகிற படம். அறை சற்று நேரம் அமைதியாயிற்று.

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் ஆச்சி பேசினார். அவர் பள்ளிக்குச் சென்றவரல்லர். வீட்டில் பேரப்பிள்ளைகள் வாசிக்கக் கேட்டும், ஆலயத்தில் வாசிக்கக் கேட்டுமே வேதத்தை அறிந்தவர். படத்தைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, "அம்பு பாயுற தூரம்னுல்லா இப்ப வாசிச்சீங்க? இங்க பிள்ளை தாய் காலடியில கெடக்கானே. அவ பாக்க மாட்டேன்னு தள்ளிப் போனதுதான கதையே" என்றார்.

தமிழாசிரியை உடனே வேதாகமத்தைத் திருப்பினார். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86 என்று 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஈசாக்கு பிறந்தபோது 100 என்று 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஈசாக்கு பால் மறந்தபின்தான் ஆகார் அனுப்பப்படுகிறாள். ஆகவே அந்தப் பையனுக்குப் பதினான்கு வயதுக்குமேல் ஆகியிருக்க வேண்டும். படத்தில் இருப்பதோ சிறு பிள்ளை. ஓவியர் இரக்கத்தைக் கூட்டுவதற்காகத் தூரத்தையும் வயதையும் குறைத்திருக்கிறார். அதனால் படம் வலுப்பெற்றது. ஆனால் வசனத்திலுள்ள ஒரு கொடுமை மறைந்துவிட்டது. தன் பிள்ளை சாவதைப் பார்க்கச் சகியாமல் அவனைத் தனியே விட்டுப்போகிற தாயின் நிலை, பக்கத்தில் இருந்து அழுகிற தாயின் நிலையைவிடக் கொடியது.

எழுத்தறியாதவருக்குப் படம் என்பது கிரகோரி காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் நியாயம். அன்று எங்கள் கண்முன் நடந்தது அதற்கு நேர்மாறானது. எழுத்தறியாத ஒருவர், காதால் கேட்டு மனத்தில் வைத்திருந்த வசனத்தைக்கொண்டு படத்தைத் திருத்தினார். படித்தவர்களாகிய நாங்கள் படத்தின் உருக்கத்திலேயே நின்றுவிட்டோம். படத்துக்கு முன் வசனம் செவியில் விழுந்திருந்தால், படம் வசனத்தை விழுங்கிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் எதிர்பார்க்கவில்லை. மூத்த உறுப்பினரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆச்சி வசனத்தைப் பிடிச்சிருக்காங்க. ஆனா எல்லாருக்கும் அந்தக் காது இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். அது நியாயமான கேள்வி. பின்னர் எடுத்த முடிவில் அதற்கும் இடம் கொடுக்கப்பட்டது.

மூன்றாவது கூட்டம் இயேசுவின் முகத்தைப் பற்றியது. நான்கு சுவிசேஷங்களிலும் அவருடைய உருவத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திருச்சபை அவரைக் குறித்ததாக வாசிக்கும் ஏசாயா 53-ஆம் அதிகாரமோ "அவருக்கு அழகுமில்லை, செளந்தரியமுமில்லை" என்கிறது. இந்த வெற்றிடத்தை ஒவ்வொரு ஓவியரும் தம் மக்களின் முகத்தால் நிரப்பியிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சில படங்களின் நகல்கள் அன்று மேசைமேல் வைக்கப்பட்டன. ஜேம்ஸ் டிசோ 1880-களில் பாலஸ்தீனத்துக்கே சென்று மண்ணையும் மக்களையும் உடைகளையும் பார்த்து, கிறிஸ்துவின் வாழ்க்கையை 350 நீர்வண்ணப் படங்களாக வரைந்தவர். 1900-இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. கோவாவில் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்ற ஆஞ்செலோ டா ஃபொன்சேகா, மரியாளுக்குச் சேலை உடுத்தி இந்திய முகத்தோடு வரைந்தவர். அதற்காகத் தம் ஊராரிடமே கண்டனத்தைச் சந்தித்தவர். 1966-இல் எளிய ஆங்கிலப் புதிய ஏற்பாடு ஒன்றுக்குப் படம் வரைந்த ஆனி வல்லோட்டோன், சில கோடுகளிலேயே உருவத்தைக் காட்டி, முகத்தைப் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டவர்.

சேலையுடுத்திய மரியாளைக் கண்டதும் கருத்துகள் மறுபடி பிரிந்தன. கேள்வி எழுப்பிய கல்லூரி மாணவி அதை விரும்பினார். தன் வீட்டுக் கூடத்தில் பல ஆண்டுகளாக மாட்டியிருக்கும் காலண்டர் இயேசுவையே உண்மையான முகமாகக் கொண்டிருந்த ஒருவர், "இது நமக்காகச் சரிக்கட்டிய மாதிரி இருக்கு" என்றார். அந்தக் காலண்டர்ப் படங்களில் பல, வார்னர் சால்மன் என்ற அமெரிக்க ஓவியர் 1940-இல் வரைந்த முகத்தின் சாயல் கொண்டவை என்று சொன்னபோது அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. முகமில்லாத கோட்டோவியங்களைப் பற்றி எதிர்பாராத ஓர் உடன்பாடு ஏற்பட்டது. படங்களையே பார்க்காதிருந்த மூத்த உறுப்பினர், பிறர் விவரித்ததைக் கேட்டு, படம் இருந்துதான் ஆக வேண்டுமென்றால் அப்படி இருக்கட்டும் என்றார். டோரேயின் ‘ஒளியின் சிருஷ்டிப்பு’ படத்தில் தேவனுடைய உருவம் இல்லை, இருண்ட ஜலத்தின்மேல் ஒளி மட்டுமே இருக்கிறது என்று கேட்டபோதும் அதைக் குறித்துத் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

எடுத்த முடிவும் காரணமும்

நூல் வைத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் நடுமேசையிலிருந்து பெரியவர்களுக்கான வாசிப்புப் பகுதிக்கு மாற்றப்பட்டது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோரோடு மட்டுமே பார்க்கலாம் என்று எழுதிவைக்கப்பட்டது. ஆதியாகமம், யாத்திராகமம் இரண்டிலும் மிதமான படங்கள் உண்டு, அவற்றைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கனமான ஒரே நூலில் சில பக்கங்களை மட்டும் அனுமதிப்பது நடைமுறையில் நடக்காது என்பதால் அது கைவிடப்பட்டது.

நூலின் முதல் பக்கத்துக்கு எதிரே ஒரு குறிப்புத் தாள் சேர்க்கப்பட்டது. இந்தப் படங்கள் 1866-இல் ஐரோப்பிய ஓவியர் ஒருவர் தம் கற்பனையில் வரைந்தவை என்றும், வசனத்தில் இல்லாதவை அவற்றில் உண்டு என்றும், எதிரேயுள்ள துண்டை முதலில் வாசிக்கும்படியும் அதில் கேட்டுக்கொள்ளப்பட்டது. ஆகார் படத்துக்கான துண்டில், தூரத்தையும் வயதையும் பற்றிய இரண்டு வரிகளைத் தமிழாசிரியை கூடுதலாக எழுதினார். மூத்த உறுப்பினர் கேட்ட ‘அந்தக் காது’ எல்லோருக்கும் இல்லாதபோது, அந்தத் துண்டுகள் ஓரளவு அந்த வேலையைச் செய்யும் என்பது குழுவின் எண்ணம். வெள்ளைத்தாள் ஒட்டப்பட்ட படம் அப்படியே விடப்பட்டது. உரிக்க முயன்றால் படமே போய்விடும் என்று புத்தகம் தைக்கிறவர் சொல்லிவிட்டார். சிலுவைப் பக்கத்துக் கறையையும் யாரும் அகற்ற முயலவில்லை.

நூலை அகற்றாததற்கு முக்கிய காரணம், அது ஏற்படுத்திய கேள்விகள் அகற்றப்பட மாட்டா என்பதே. காலண்டரிலும் கைப்பேசியிலும் வாழ்த்து அட்டையிலும் இதே மரபின் படங்களைத்தான் எங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே எதிர்ப்பக்கத்தில் வசனம் இல்லை.

மூத்த உறுப்பினர் இந்த முடிவை ஏற்கவில்லை. அவருடைய எதிர்ப்புக் கருத்து, அவர் மேற்கோள் காட்டிய வசனங்களோடு, அவருடைய சொற்களிலேயே கூட்டக் குறிப்பேட்டில் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டது. பூவை முன்னிட்டு அவர் எழுப்பிய அச்சம் மிகையானது என்று குழு எங்கும் எழுதவில்லை. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்குப் பிற்காலத்தில் ஜனங்கள் தூபங்காட்டியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான் என்று 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரம் சொல்லும்போது, அந்த அச்சத்துக்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது.

பின்னர் நடந்தவை

அடுத்த பல மாதங்களில் கருத்து நோட்டின் தன்மை மாறியது. பொதுவான பாராட்டும் கண்டனமும் குறைந்து, குறிப்பிட்ட படத்தையும் வசனத்தையும் சுட்டும் பதிவுகள் வந்தன. பவுல் குதிரையிலிருந்து விழுவதாகத் தாம் எப்போதும் எண்ணியிருந்ததாகவும், அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் குதிரையே இல்லை என்பதை இப்போதுதான் கண்டதாகவும் ஒருவர் எழுதினார். இயேசு பிறந்தபோது வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை என்று இன்னொருவர் எழுதினார்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இந்த முறையைத் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். கதையை முதலில் வாசித்து, பிள்ளைகளையே வரையச் சொல்லி, அதன் பிறகு அச்சான படத்தைக் காட்டுகிறார்கள். ஒரு பையன் வரைந்த கலிலேயாக் கடலில் மீனவர்கள் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்கள். படகு நம் ஊர் வள்ளம்போல் இருந்தது. பிதாவாகிய தேவனை வரையச் சொல்ல வேண்டாம் என்று மூத்த உறுப்பினர் கேட்டுக்கொண்டதை ஆசிரியர்கள் ஏற்றுக் கடைப்பிடிக்கிறார்கள்.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. முறையிட்ட தாய் தம் மகளை நீண்ட நாள் நூலகத்துக்கு அனுப்பவில்லை. இப்போது மகள் வருகிறாள். அந்த மேசைப் பக்கம் போவதில்லை. மூத்த உறுப்பினர் நூலகத்துக்கு வருகிறார், வாசிப்புக் கூட்டங்களில் வசனம் வாசிக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கிறார், அந்த நூலைத் தொடுவதில்லை. கத்தோலிக்க வாசகர்களில் சிலர், படத்தைப் பார்ப்பதற்கு இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று இன்னமும் கேட்கிறார்கள். அவர்கள் வளர்ந்த மரபில் அந்தக் கேள்வி நியாயமானதே.

இனி மாற்றிச் செய்பவை

பட விளக்கம் உள்ள எந்த வேத நூலும் இனி வாசிப்பறைக்கு வருமுன், குழுவினர் இருவராவது முழுவதையும் புரட்டிப் பார்த்து, சிறுவர்களுக்கு ஏற்றதா என்று எழுதித் தர வேண்டும் என்று விதி செய்யப்பட்டுள்ளது. அவர்களில் ஒருவர் பிள்ளைகளோடு பழகுபவராக, பெரும்பாலும் ஞாயிறு பள்ளி ஆசிரியராக, இருக்க வேண்டும். நூலை ஏற்காதவர்களை, முறையீடு வந்தபின் அழைப்பதைவிட, நூல் வருமுன்னே அழைத்துக் கேட்பது என்றும் முடிவாகியுள்ளது. பென்சில் துண்டுகள் மங்கிவருவதால், பெரிய எழுத்தில் மையால் எழுதிய புதிய துண்டுகளைத் தமிழாசிரியை இளைஞர் சிலரைக்கொண்டு எழுதுவித்து வருகிறார். கண்பார்வை குறைந்தவர்களுக்காக, செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஒருவர் அந்தத் துண்டுகளைச் சத்தமாக வாசிக்கிறார். இந்திய ஓவியர்களின் வேதாகமப் படங்களைத் தொகுத்த நூல் ஒன்றை அடுத்து வாங்குவதற்கான விண்ணப்பம் கமிட்டியின் முன் இருக்கிறது. அதன் பக்கங்களை முன்பார்வையிடும் இருவரில் ஒருவராக இருக்க அந்தக் கல்லூரி மாணவி ஒப்புக்கொண்டிருக்கிறார்.